கடைசிப் பக்கத்துப் பச்சை நட்சத்திரம்

எங்கள் இலுப்பூர் லெண்டிங் லைப்ரரியில், படித்த நாவலையே மறந்துபோய் மறுபடி எடுத்துவிடாமல் இருக்க, கடைசிப் பக்கத்தில் அவரவர் ஓர் அடையாளம் போடுவோம். பள்ளித் தலைமையாசிரியையான நான் போடுவது பச்சை மையில் ஒரு நட்சத்திரம்.

சென்ற மாதம் காதல் நாவல் வாசகர்களும் ஆய்வாளர்களும் தங்கள் வாசிப்பைப் பகிரும் கூட்டம் அங்கே நடந்தது. தையல் கடை மல்லிகா எழுந்து, "கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே படிக்கிறேங்க. அழுகை வந்துச்சுன்னா அதையே ரெண்டு தடவ படிப்பேன்" என்று கூசாமல் சொன்னார்.

அடுத்தது நான். முன்வரிசையில் பேராசிரியர்கள். "இந்தக் குப்பையெல்லாம் நான் தொடுறதே இல்லைங்க" என்றேன்.

ஆய்வு மாணவி ஒருவர் பழைய நாவல் ஒன்றைப் புரட்டியபடி, "இந்தப் பச்சை நட்சத்திரம் நெறைய புக்ல இருக்கே, யாருதுங்க?" என்றார். அது என்னுடையது என்று மல்லிகாவுக்குத் தெரியும். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "என்னுதுதாங்க" என்றார்.

தப்பித்தேன். ஆனால் என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் ஆசையாகப் படிப்பதைக் குப்பை என்றவளின் மானத்தை அவரே காப்பாற்றியிருக்கிறார்!

மறுநாளே மல்லிகாவை லைப்ரரிக்குக் கூட்டிக்கொண்டு போய், அந்த மாணவியின் முன்னாலேயே, ஒவ்வொரு நட்சத்திரத்தின் கீழும் என் பெயரை எழுதினேன். இப்போது நட்சத்திரமே போடுவதில்லை. முழுப்பெயர், பதவியோடு, அதே பச்சை மையில்.