கண்டி ஹோட்டலில் முடியாத செபமாலை

மாலை நான்கு மணி இருபது நிமிடத்துக்கு எல்லாம் கெடத் தொடங்கியது. கண்டி ஸ்டேஷன் மாஸ்டர் வெளியே வந்து, கம்பளைப் பக்கம் மண் சரிந்துவிட்டது, நாவலப்பிட்டிக் கோச்சி, அதாவது ரயில், இனி நாளைக் காலையில்தான் என்றார். மேடையில் நின்றவர்கள் முணுமுணுத்தபடி கலைந்தார்கள். நானும் சித்தியும் மட்டும் நின்றோம். எங்களுக்குக் கண்டியில் போக்கிடம் இல்லை.

எனக்கு அப்போது எட்டு வயது. கரும்பலகை தெரியவில்லை என்று என்னைக் கண் வைத்தியரிடம் காட்ட அழைத்து வந்திருந்தாள் சித்தி. அம்மாவின் தங்கை, பாடசாலை ஆசிரியை, கல்யாணம் ஆகாதவள். அம்மாவின் தோள் உயரம்தான் இருப்பாள்.

இத்தனை வருடத்துக்குப் பிறகு இதை எழுத வைத்தவள் என் மகள். சென்ற வாரம் வேலை விஷயமாகப் பதுளைக்குப் போய் ஒரு விடுதியில் தனியாகத் தங்கினாள். யாரோ வெளியிலிருந்து கதவுப் பிடியைத் திருகிப் பார்த்தார்களாம். கதிரையை முட்டுக்கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சித்தியைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

மேடையிலேயே ஒருவர் எங்களிடம் பேச்சுக் கொடுத்தார். கோட்டும் தொப்பியும் குடையுமாக, மிகவும் மரியாதைக்காரர். "நல்ல ஹோட்டல் ஒண்ணு தெரியும், வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்றார். சித்தி நன்றி சொல்லி மறுத்துவிட்டாள். எனக்கு அவர் இரண்டு டொபி மிட்டாய் தந்தார். அந்த இரண்டு டொபிக்கு நான் அவரை முழுமனதாக நேசித்தேன்.

முதலில் கன்னியர் மடத்துக்குத்தான் போனோம். விடுதிப் பிள்ளைகளுக்கு அம்மை கண்டிருந்ததால் என்னை உள்ளே விட முடியாது என்று வாசலிலேயே ஒரு சிஸ்டர் வருத்தத்தோடு சொன்னார். மழை வலுத்தது. அருகில் தெரிந்த ஒரு ஹோட்டலில் ஏறினோம். மனேஜர் சித்தியைப் பார்க்கவில்லை. சித்திக்குப் பின்னால் யார் வருகிறார் என்று எட்டிப் பார்த்தார். அந்தக் காலத்தில் அறை ஆண்பிள்ளையின் பேரில்தான் கிடைக்கும்.

"ஐயா வரலயா?"

"ஐயா யாரும் இல்ல. நானும் பிள்ளையும்தான்."

"அப்படிக் குடுக்கிறதில்லையேம்மா."

அப்போது பின்னால் குடை மடங்கும் சத்தம் கேட்டது. "நம்ம தங்கச்சிதான். பக்கத்துப் பக்கத்து ரூமா குடுங்க." டொபிக்காரர்!

"இவர் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள் சித்தி.

மனேஜர் சிரித்தார். "அண்ணன் தங்கச்சி சண்டையெல்லாம் வீட்டுல வெச்சுக்கங்க. புள்ள நனைஞ்சு நிக்குது பாருங்க."

அந்த மழையில் வேறு எங்கே போவது? சித்தி சாவியை எடுத்துக்கொண்டாள்.

மாடியில், அறைக்குள் நுழைந்ததும் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். ஜன்னல் கொக்கியை இழுத்துப் பார்த்தாள். அலுமாரிக்குப் பக்கத்தில், டொபிக்காரர் எடுத்த அடுத்த அறைக்குப் போக ஒரு கதவு இருந்தது. அதற்கு எங்கள் பக்கம் தாழ்ப்பாளே இல்லை. அலுமாரியைத் தள்ளிப் பார்த்தோம். அது சுவரோடு அறையப்பட்டிருந்தது. கீழே போகலாம் என்றால், மாடிப்படியின் உச்சியில் டொபிக்காரர் கதிரை போட்டு உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். கூச்சல் போட்டால் மனேஜர் மறுபடியும் சிரிப்பார்.

பின்பக்க விறாந்தையில் நின்று சித்தி முற்றத்தைப் பார்த்தாள். சமையல்காரரின் மனைவி தாழ்வாரத்து அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் எங்கள் கத்தோலிக்க வேதக்காரர் போடும் உத்தரியம், அந்தச் சின்னத் துணிப்பட்டை, தொங்கியது. சித்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்துக் கோயிலில் ஆறு மணி அடித்தது.

"முழங்கால் போடு" என்றாள்.

விறாந்தையில், குளிர்ந்த சீமெந்துத் தரையில், செபமாலை தொடங்கியது. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் குரலில் சித்தி முன்பாதியைச் சொன்னாள். நான் பின்பாதியைச் சொன்னேன். எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. செபமாலை காதில் விழுந்தால் எந்த வேலையில் இருந்தாலும் வாய் தானாகப் பதில் சொல்லும். அம்மியடியிலிருந்தும் பதில் வந்தது.

டொபிக்காரர் எழுந்து வந்தார். "குளிருதே, உள்ள போய்ச் செபிக்கலாமே" என்றார். செபத்தின் நடுவே யாரும் யாருக்கும் பதில் சொல்வதில்லை. தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முடியட்டும் என்று காத்து நின்றார். எவ்வளவு பொறுமையான மனிதர் என்று நான் வியந்தேன்.

செபமாலையில் மணிகள் பத்துப் பத்தாக இருக்கும். ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் அது யாருக்காக என்று கருத்துச் சொல்வது வழக்கம். முதலில் மழையில் மாட்டிய பயணிகளுக்காக என்றாள் சித்தி. அடுத்ததை, இராகம் மாறாமல், இப்படிச் சொன்னாள்: "அந்நியன் கையில் தாழ்ப்பாள் இருக்கிற அறையிலே இன்றிரவு தங்கவேண்டிய ஓர் ஆசிரியைக்காகவும் ஒரு பிள்ளைக்காகவும், இந்தப் பத்து மணியை ஒப்புக்கொடுப்போம்."

பதில் சொல்கிறவர்களைத் தவிர வேறு யாரும் செபத்தைச் செவிகொடுத்துக் கேட்பதில்லை. டொபிக்காரர் கொட்டாவி விட்டார். நானும் என் முழங்காலையே நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே அம்மி நின்றது. சிறிது நேரத்தில் அங்கிருந்து பதிலும் நின்றது. எட்டிப் பார்த்தேன், அரைத்த மிளகாய் அப்படியே கிடந்தது.

ஐந்து பத்தும் முடிந்தன. சித்தி நிறுத்தவில்லை. அடுத்த சுற்றாகத் துக்க தேவ இரகசியங்களைத் தொடங்கினாள். அதன்பின் மகிமை. அதன்பின் மன்றாட்டு மாலை. அதன்பின் மரித்த விசுவாசிகள். எங்கள் வம்சத்தில் செத்தவர்கள் எல்லாரும் தீர்ந்துபோனதும், அன்று காலை எங்களைக் கோச்சியில் ஏற்றிவிட்ட பெரியப்பாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காகவும் வேண்டினாள். நான் திரும்பிப் பார்த்தேன். அவள் குரலில் ஒரு பிசிறு இல்லை. ஆனால் மணிகளைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றார் டொபிக்காரர். அவருடைய மரியாதை கொஞ்சம் தேய்ந்திருந்தது.

அப்போதுதான் படியில் காலடிகள் கேட்டன. சமையல்காரரின் மனைவி முன்னால் வந்தாள். பின்னால் கோயிலுக்குப் பின்பக்கத்து வீடுகளிலிருந்து ஐந்தாறு பெண்கள், தலையெல்லாம் மழை, கக்கத்தில் பாய். கடைசியாக மனேஜர், முகம் வெளிறிப்போய்.

"என்ன இது கூட்டம்?" என்றார் டொபிக்காரர்.

"செபம், ஐயா. விடிய விடிய நடக்கும். அந்த ரூமுக்குள்ளயும்தான். நீங்க குடையை எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்றாள் சமையல்காரரின் மனைவி.

அவர் மனேஜரைப் பார்த்தார். மனேஜர் தரையைப் பார்த்தார். குடை போயிற்று, எனக்கு இனிக் கிடைக்கவிருந்த டொபிகளும் போயின.

அவள் சித்தியின் முன்னால் பாயை விரித்து உட்கார்ந்தாள். "டீச்சரம்மா, கருத்தை எல்லாருகிட்டயும் சொல்லித்தான் கூட்டியாந்திருக்கேன். மொதல்ல இருந்து தொடங்குங்க."

மறுபடியும் முதலிலிருந்தா! நான் ஓவென்று அழுதேன். "பாவம், புள்ள பயந்துபோச்சு" என்று ஆளுக்கொருவராக என்னை அணைத்துக்கொண்டார்கள். அப்போது சித்தியும், அன்று முதல்முறையாக, அழுதாள். அவளுக்கும் முழங்கால் வலிக்கிறது என்றே நான் நினைத்தேன்.