சுவரில் ஓர் எண்ணெய்க் கறை

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. ஆந்திர எல்லையோரம் சூளூர்பேட்டையில், இப்போதும் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டின் முன் அறையில் நடந்தது. நானும் என் கணவரும் ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஆளுக்கொரு கம்பெனியில் வேலை செய்கிறோம். கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். அதில் ஏறுவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். காலையில் முதுகு பலகை மாதிரி இறுகிக் கிடக்கும். ஒருக்களித்து உருண்டுதான் பாயை விட்டு எழுவேன். அப்போது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை.

எங்கெங்கோ மருந்து வாங்கிச் சாப்பிட்டு அலுத்தபின், திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில்தான் விஷயத்தைச் சொன்னார்கள். முதுகெலும்பு மூட்டுகளில் வருகிற வாதமாம். அப்படியே விட்டால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி முதுகு வளைந்துவிடுமாம். மாத்திரை எழுதிக் கொடுத்து, உடற்பயிற்சி சொல்லித்தரும் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே வராந்தாவில் ஒரு பெரியவர் இருந்தார். பல வருடமாக இதே நோயாம். என் முகத்தைப் பார்க்க அவர் முழங்காலை மடக்கி, உடம்பையே பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது. சிரித்த முகமாகத்தான் பேசினார். நான்தான் அவர் வளைந்த முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளே இருந்த தெரபிஸ்ட் அம்மா, “மத்த முதுகுவலிக்கு ரெஸ்ட் எடுக்கலாம்மா. இதுக்கு ரெஸ்டுதான் எதிரி. படுத்தா இறுகும், அசைஞ்சா விடும்” என்றார். குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குவது, மூச்சை இழுத்து விலாவை விரிப்பது எல்லாம் செய்ய வைத்தார். கடைசியாகச் சுவரோரம் நிறுத்தினார். குதிகால், இடுப்பு, முதுகு, பின்னந்தலை நான்கும் சுவரில் பட வேண்டும். முகவாயைத் தூக்கி ஏமாற்றக் கூடாது. வீட்டில் தினமும் இப்படி நின்று பார், தலை சுவரில் படுகிறது என்றால் முதுகு வளையவில்லை, தைரியமாக இரு என்று சொல்லி அனுப்பினார்.

சடையை முன்னால் போட்டுக்கொண்டு தினமும் நின்றேன். எனக்குத் தலை நிறைய எண்ணெய் வைக்கிற பழக்கம். கொஞ்ச நாளில் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. வீட்டுக்கார அம்மா பார்த்துவிட்டுத் தெலுங்கும் தமிழுமாக ஆடித் தீர்த்துவிட்டார்.

“ஏமி அம்மாயி இது? என் சுவரு உனக்கு தல தேச்சிக்கிற இடமா?”

நோயைப் பற்றிச் சொன்னேன். “நோவுன்னா ஆஸ்பத்திரிக்குப் போ. என் சுவத்துக்கு இன்னாத்துக்கு வர்ற?” என்றார். எனக்குக் கோபமே வரவில்லை. என் நோயைக் கேட்டு உச்சுக்கொட்டாத ஒரே ஆள் அவர்தான்.

என் அப்பா, நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், அவர் நேர் எதிர். நாகலாபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து என்னைப் பார்க்க வந்தவர், நான் தரையில் குப்புறக் கிடந்து திணறுவதைக் கண்டு கலங்கிவிட்டார். “இடுப்பு நோவுதுன்னு சொல்லிக்கினு, இன்னாத்துக்கும்மா ஒடம்ப இப்படி வதைக்கிற? ஊட்டுக்கு வா. கொஞ்ச மாசம் கால நீட்டிப் படு. நாங்க பாத்துக்கறோம்.” வலி அதிகமாக இருந்த நேரம். லீவு போட்டுவிட்டு அவரோடு போய்விட்டேன். அங்கே ஒரு சொம்புத் தண்ணீரைக்கூட என்னைத் தூக்க விடவில்லை. மாத்திரை, சாப்பாடு, படுக்கை, தலைக்கு உயரமாக இரண்டு தலையணை. மாதங்கள் அப்படியே போயின. வலியும் குறையவில்லை.

திரும்பி வந்த அன்றே சுவரோரம் போய் நின்றேன். குதிகால் பட்டது, இடுப்பு பட்டது, முதுகு பட்டது. தலை படவில்லை. கணவரைக் கூப்பிட்டேன். இடையில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, “ஒட்டிக்கினுதான் கீது” என்றார். அவர் விரல்கள் இடையில் இருப்பது எனக்குத் தெரியாதா! என் தலை வைத்த கறை, அதை என் தலையே தொட முடியவில்லை. அன்று ஆத்திரத்தில் அழுதேன். என்மேல், நைனாமேல், அந்தத் தலையணைகள்மேல்கூட ஆத்திரம்.

திருப்பதிக்கு ஓடினேன். எக்ஸ்ரே பார்த்து, எலும்பு இன்னும் ஒட்டவில்லை, விடாமல் பயிற்சி செய்தால் முதுகு மறுபடி நிமிர வாய்ப்பிருக்கிறது என்றார்கள். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. பஸ்ஸில் சீட் கொடுத்தால் வேண்டாம் என்று நின்றுகொண்டே போனேன். கேன்டீன் இடைவேளையில் தூணோரம் நின்று நெஞ்சை விரித்தேன். கூட வேலை செய்கிற பெண்கள் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மறுபடி அழைத்துப் போக வந்த நைனாவிடம், “நீ பாசமாத்தான் படுக்க வச்ச நைனா. நான் வளைஞ்சி போனேன். இனிமே வலிச்சாலும் நிமுந்துதான் நிப்பேன்” என்றேன். சாப்பிடாமலே கிளம்பிவிட்டார். இன்றைக்கும் போனில், “இன்னும் அத்த பண்ணிக்கினுதான் கீறியா?” என்று கேட்பார். “பண்ணிக்கினுதான் கீறேன்” என்பேன்.

அந்தச் சங்கராந்திக்கு வீட்டுக்கார அம்மா வெள்ளையடித்தார். பழைய கறை போய்விட்டது. “இன்னொரு தபா கறை பட்டுச்சி, ஊட்ட காலி பண்ணிடு” என்று எச்சரித்துவிட்டுப் போனார். எண்ணெய் வழிய வழிய வாரக்கணக்கில் நின்றேன். சுவரில் ஒரு புள்ளிகூட விழவில்லை. ஒருநாள் அவர் வந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, “மஞ்சிதி அம்மாயி! இப்பதான் உனக்கு புத்தி வந்திச்சி. சுவரு சுத்தமா கீது” என்று பாராட்டினார். எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன், எதுவும் அந்தப் பாராட்டு மாதிரி சுட்டதில்லை. அவர் போனதும் இன்னும் கொஞ்சம் எண்ணெயை அள்ளி வைத்துக்கொண்டு போய் நின்றேன்.

மார்க்கெட்டில் மாங்காய் வரத் தொடங்கிய சமயம். குழாய் ஒழுகுவதைப் பார்க்க வந்த வீட்டுக்கார அம்மா முன் அறையிலிருந்து கத்தினார்.

“அம்மாயி! மறுபடியும் கறையா?”

சமையலறையிலிருந்து ஓடி வந்தேன். பக்கவாட்டில் வெளிச்சம் பட்டால் மட்டும் தெரிகிற மாதிரி, மங்கலாக ஒரு பொட்டு. நானே அதுவரை கவனிக்கவில்லை. அவர் திட்டிக்கொண்டே இருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், சிரிக்கும்போதே கண்ணீரும் வந்துவிட்டது.

“இன்னா இது, திட்டினா சிரிக்கிற?”

“இன்னும் திட்டுங்க அக்கா” என்றேன்.

பைத்தியம் என்று நினைத்திருப்பார். வீட்டைக் காலி செய்யச் சொல்லவில்லை, திட்டுவதையும் நிறுத்தவில்லை.

நோய் போய்விடவில்லை. காலையில் முதுகு இன்றும் முரண்டு பிடிக்கிறது, நானும் அதோடு முரண்டு பிடிக்கிறேன். கறை மறுபடி உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. வருகிறவர்கள் அதை மறைத்து ஒரு காலண்டர் மாட்டச் சொல்கிறார்கள். மாட்டமாட்டேன். அந்தச் சுவர் அழுக்காக இருக்கிறவரைக்கும், இந்த நோயால் என் தலையைக் குனிய வைக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம்.