ஒரு வருட கேரண்டி

விற்ற பீரோவைத் திருப்பி வாங்கலாம்; ஜெயித்த கவுன்சிலரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அன்று அந்த மரச்சாமான் கடையில் கூடியிருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. எனக்கும்தான்.

அந்தக் கடையின் முதலாளியும் எங்கள் வார்டு கவுன்சிலருமான கட்டில்காரர் எந்த நாற்காலியிலும் உடனே உட்கார மாட்டார். முதுகைப் பிடித்து ஆட்டுவார். குனிந்து காலைப் பார்ப்பார். மாநகராட்சிக் கூட்டத்தில் மேயர் முழங்கிக்கொண்டிருந்தபோது, அவர் மேசையைத் தட்டிப் பார்த்து, "தேக்கு இல்லீங்க, பிளைவுட்டு. நல்லா ஏமாத்தியிருக்காங்க" என்றார். பேச்சு அத்தோடு நின்றுபோனது.

வாக்குக் கேட்டுப் போனபோதும் கடைப்பேச்சுதான். "ஒரு வருஷம் கேரண்டிம்மா. பிடிக்கலைன்னா கொண்டாந்து விட்டுடுங்க!" தெருவே சிரித்தது. சிரித்த கையோடு ஓட்டும் போட்டது.

வருடம் முடியப்போகும் நேரத்தில், தையற்கார அம்மாள் தெருவையே திரட்டிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"சாக்கடை வீட்டுக்குள்ள வருதுண்ணே. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு. கேரண்டி இருக்குல்ல? உங்களைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கோம்."

கட்டில்காரர் அசடு வழிந்தார். "அது சும்மா தேர்தல் பேச்சும்மா..."

கல்லாவில் இருந்த மனைவி நிமிர்ந்தார். "பேசினது யாரு வாய்? இந்தக் கேரண்டி பொய்யின்னா, நாளைக்கு எவன் நம்ம கட்டில்ல நம்பிப் படுப்பான்? ராஜினாமா எழுதுங்க."

வெயிலில் கிடந்த வார்னிஷ் போல அவர் முகம் வெளுத்தது. எழுதினால் பதவி போகும். எழுதாவிட்டால் அப்பா காலத்துக் கடையின் பெயர் போகும்.

"இரும்மா, இரு. கடை வழக்கம் என்ன? திருப்பி வாங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை ரிப்பேர் பண்ணித் தருவோம்ல?"

"பண்ணுங்க. நாங்களும் கூடவே வர்றோம்" என்றார் தையற்கார அம்மாள்.

மாநகராட்சி அலுவலகத்தில் பொறியாளர் தலையை நிமிர்த்தாமல், "அடுத்த வாரம் பாக்கலாம் சார்" என்றார். எப்போதும் அதற்குத் தலையாட்டிவிட்டுத் திரும்புகிற கட்டில்காரர், அன்று வெளியே போய்க் கடை வண்டியிலிருந்து இரட்டைக் கட்டிலை இறக்கினார். அந்த அறைக்கு இருந்த ஒரே வாசலை அடைத்தபடி கட்டிலின் பாகங்களைப் பொருத்தி, திருகாணிகளை முறுக்கினார்.

"சார், நான் வீட்டுக்குப் போகணும்!"

"தாராளமா. என் மேல ஏறித் தாண்டிப் போங்க."

சட்டையைக் கழற்றி, மடித்துத் தலைக்கு வைத்து, காலை நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். பொறியாளர் தொலைபேசியை எடுத்தார். "அந்தத் தெரு சாக்கடைக்கு ஆளனுப்புய்யா! இப்பவே!"

உங்கள் தெருவிலும் சாக்கடை வழிந்தால், இதை உங்கள் கவுன்சிலர் காதில் போட்டுவையுங்கள். கட்டில் இல்லாவிட்டால் அவரிடம் ஒரு பாயாவது இருக்கும்.