சென்னைக்குப் பூக்கட்டிப் பார்த்தது

பெங்களூரை விட்டுச் சென்னைக்குப் போவதா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் தீர்மானித்தது யார் என்று கேட்டால், அல்சூர் அம்மன் என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் கூசாமல் சொல்வார். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றெட்டில் நான் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஆபீசில் வேலை பார்த்தேன். டைப்பிஸ்டாகச் சேர்ந்தவள், சாயங்கால வகுப்புக்குப் போய்க் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு, வெளிநாட்டு ஆர்டர்களைத் தனியாளாகப் பார்க்கும் அளவுக்கு வந்திருந்தேன். சென்னையில் புதிதாக ஒரு கிளை திறந்தார்கள். அதன் ஆர்டர் பிரிவுக்கு என்னைப் பொறுப்பாகப் போகச் சொன்னார் மேனேஜர். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்காரருக்கு ஆடுகோடியில் ஒரு பட்டறையில் லேத் வேலை. அந்த வேலை சென்னையில் கிடைக்காதா என்ன? அம்பத்தூரில் பட்டறைக்கா பஞ்சம்? சொன்னேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொண்ணூற்றொன்றில் காவிரிக் கலவரம் வந்து, ஜீவனஹள்ளியில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, அப்போது "இந்த ஊரே வேணாம், கெளம்பு" என்று குதித்தவர் இவர்தான். ஏழு வருடம் கழித்துப் பெண்டாட்டிக்கு வேலை உயரப்போகிறது என்றதும் பெங்களூர் இவருக்குப் பெற்ற தாய் ஆகிவிட்டது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

மூன்று நாள் சண்டைக்குப் பிறகு அவரே இறங்கி வந்தார். "நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். அம்மன் கிட்ட பூக்கட்டிப் பாத்துடலாம். வெள்ள வந்தா போலாம், செவப்பு வந்தா இங்கயே."

எங்கள் பக்கத்தில் பெண் பார்த்தாலும் வீடு வாங்கினாலும் இதுதான் வழக்கம். இரண்டு நிறப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி காலடியில் வைத்து, ஒன்றும் தெரியாத பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. தோற்றாலும் அம்மனிடம்தானே தோற்போம் என்று சரி சொன்னேன். கடைந்தெடுத்த முட்டாள் நான்.

வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஆறு வயது மகளையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போனோம். பூக்காரம்மாவிடம் அரளி வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தது அவர். எடுத்தது மகள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

மற்ற பொட்டலத்தைப் பூசாரி குங்குமத்தோடு என் கையில் கொடுத்தார். "அத குடு, ஏரில போட்டுடறேன்" என்று வீட்டுக்காரர் கையை நீட்டினார். சாமி காலடியில் இருந்த பூவைத் தண்ணீரில் போடுவானேன் என்று பையில் வைத்துக்கொண்டேன். கோயில் வாசலிலேயே டெலிபோன் பூத். மேனேஜரைக் கூப்பிட்டு, என்னால் போக முடியாது சார் என்றேன். வேறு ஒருவர் தயாராக இருக்கிறார், இப்போதே பெயரை அனுப்பிவிடுகிறேன் என்றார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தலையில் வைத்துக்கொள்ளலாம் என்று பொட்டலத்தைப் பிரித்தேன். அதுவும் சிவப்பு.

வீட்டுக்கு வந்து மகளைத் தெருவில் விளையாட அனுப்பிவிட்டு அவர் முன்னால் போட்டேன். முகம் கறுத்துப்போனது. கறுத்த முகத்தோடு என்னையே அதட்டினார்.

"உன்ன யாரு பிரிக்கச் சொன்னது? சாமி காரியத்த பிரிச்சிப் பாக்கலாமா?"

"சாமி காரியமா? தூ!"

பிறகு குரல் தழைந்தது. "நீ அங்க பெரிய ஆளா போயிடுவ. நான் உன் பின்னால பைய தூக்கிக்கினு நிக்கணுமா?" என்றார். இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லியிருந்தால், பாவமே என்று நானே போகாமல் இருந்திருப்பேன். அவ்வளவு அசடுதான் நான் அப்போது.

இரண்டு நாள் அழுதேன். மகள் பக்கத்திலேயே சுற்றி வந்தாள். "நான் அந்த இன்னொரு பொட்டலத்த எடுத்திருக்கணுமாம்மா?" என்று கேட்டாள். அப்பனைப் பற்றிப் பிள்ளையிடம் குறை சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். "இல்லடி கண்ணு, அம்மன் குடுத்தத நீ எடுத்த, அவ்ளோதான்" என்றேன். அவர் சொன்ன அதே பொய்.

அதற்குப் பிறகு அவள் எதையும் தானாக எடுத்ததில்லை. பேக்கரியில் பஃப்ஸா கேக்கா என்றால் "நீயே சொல்லும்மா". தீபாவளிக்குத் துணிக் கடையில் பத்து பாவாடையை விரித்துப் போட்டாலும் "நீயே எடும்மா". அடக்கமான பெண் என்று தெருவே மெச்சியது. நானும் பெருமையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பத்தாவது முடித்தாள். பதினொன்றாவது சேர பி.யு. காலேஜ் விண்ணப்பத்தில் சயின்ஸா காமர்ஸா என்ற இடம் மட்டும் காலி. நாளைக்குக் கடைசி நாள். எழுதுடி என்று கத்தினேன்.

"நான் எடுத்தா உனக்கு ஆவாதும்மா. அன்னிக்கு உன் வேலைய கெடுத்ததே நான்தான?"

பத்து வருடம்! அங்கேயே அவளை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டும் சிவப்பு, எதை எடுத்திருந்தாலும் சிவப்பு, உன் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"உனக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கே. பஸ்லயே."

"அப்பா மானம் போவக்கூடாதுன்னு என் மேல போட்டுட்டியா?"

ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிறவள் நான். அன்றைக்குப் பேனாவைத்தான் அவளிடம் நீட்டினேன்.

விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தானே நிரப்பினாள். என்ன எழுதினாள் என்று எனக்குக் காட்டவில்லை.