கார்மடு நாட்டின் காலக்கணக்கு

கார்மடு என்ற நாடு எந்த வரைபடத்திலும் இல்லை. 2001 மழைக்காலத்தில், ஹைதராபாத்தில் தார்நாகாவிலிருந்து மாதாப்பூருக்குப் போகும் அலுவலகப் பேருந்து நெரிசலில் அசையாமல் நின்ற ஒரு காலையில் அது உண்டானது. நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பயனர் கையேடு எழுதுபவன். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று பகல் முழுக்க எழுதுகிறவனுக்கு, யாரும் எதையும் அழுத்தாமலே ஏதாவது நடக்கும் ஓர் இடம் தேவைப்பட்டிருக்க வேண்டும்.

ஐந்து ஆண்டுகளில் ஆறு நோட்டுகள் நிரம்பின. போர்களிலும் பட்டாபிஷேகங்களிலும் எனக்கு ஆர்வமில்லை. வரலாற்று நூல்களில் நான் தேடுவதெல்லாம் அந்த ஊர்ச் சனங்கள் காலையில் என்ன சாப்பிட்டார்கள், ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதைத்தான். பெரும்பாலும் அது அடிக்குறிப்பில்கூட இருக்காது. ஆகவே கார்மடுவில் அரசர் பட்டியல் அரைப் பக்கம், கல்யாணம் பதினேழு பக்கம். அங்கே மணமக்கள் மாலை மாற்றுவதில்லை, நிழலை மாற்றிக்கொள்கிறார்கள். எட்டாம் நாள் திருப்பித் தந்துவிட வேண்டும். தராமல் இழுத்தடிப்பவர்களை விசாரிக்கத் தனி நீதிமன்றம் உண்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு வாசல், ஒன்று ஆட்களுக்கு, இன்னொன்று மழைக்கு. மழை உள்ளே வந்து போகும்வரை வீட்டில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது.

இவற்றில் எது எந்த ஆண்டு, எந்த மாதம், எந்த நாளில் தொடங்கியது என்று குறித்திருந்தேன். கார்மடு ஆண்டு 1 முதல் 212 வரை கணக்கு இருந்தது. தேதி இல்லாத செய்தியை என்னால் நம்ப முடியாது, நானே கற்பனை செய்ததாக இருந்தாலும்.

எங்கள் பகுதித் தமிழ் மன்றம் ஆண்டுதோறும் ஒரு மலர் வெளியிட்டது. நான்கு பக்கத்துக்கு மேற்பட்ட எதையும் சேர்க்க வேண்டுமானால், எழுதியவர் கூட்டத்தில் அதைப் படித்துக்காட்ட வேண்டும், கேட்டவர்கள் கைதூக்கிச் சம்மதிக்க வேண்டும். நான் கேட்டது நாற்பது பக்கம். முந்தைய ஆண்டு படிக்கவே விடவில்லை. “இல்லாத நாட்டுக்கு எதுக்குங்க வரலாறு?” என்று ஒருவர் கேட்டார், கூட்டம் சிரித்தது, அத்துடன் முடிந்தது. அவர் தார்நாகாப் பக்கத்து ஆய்வகம் ஒன்றில் புவி இயற்பியல் அறிஞராக இருந்து ஓய்வு பெற்ற கோயம்புத்தூர்க்காரர். இந்த ஆண்டும் கை எழாவிட்டால் நோட்டுகளைக் கட்டிப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். வேறு யாருமே கால் வைக்காத நாட்டில் நான் மட்டும் எத்தனை காலம் குடியிருப்பது?

2006 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, பிற்பகல் மூன்று பத்துக்குப் படிக்கத் தொடங்கினேன். அறுபது பேர் இருந்திருப்பார்கள். விஞ்ஞானிகளின் குடும்பங்கள், லாலாகுடா ரயில்வே குடியிருப்புப் பக்கம் தலைமுறைகளாக இருப்பவர்கள், மாதாப்பூரில் வேலை பார்க்கும் இளைஞர்கள். முன்வரிசையில் கோயம்புத்தூர்க்காரர். ஒரு வாரம் முன்பு நான் கொடுத்திருந்த நகல் அவர் மடியில் இருந்தது. பக்க ஓரமெல்லாம் பென்சில் குறிகள்.

நிழல் வழக்குகளுக்குச் சிரிப்பு எழுந்தது. மழை வாசலுக்கு யாரோ “பேஷ்” என்றார்கள். ஒன்றரை மணி நேரத்தில் முடித்துவிட்டு உட்காரப் போனேன்.

“தம்பி, ஒண்ணு கேக்கலாமுங்களா?” என்று அவர் எழுந்தார். “பன்னெண்டாம் பக்கத்துல, எல்லா மாசமும் அமாவாசைக்கு மறுநாள் பொறக்கும்னு எழுதியிருக்கறீங்க.”

“ஆமா சார்.”

“வருசத்துக்குப் பன்னெண்டே மாசம்.”

“ஆமா.”

“பத்தொம்பதாம் பக்கத்துல வருசத்துக்கு முந்நூத்தி அறுவத்தஞ்சு நாளுன்னு இருக்குதுங்க. அமாவாசைக்கு அமாவாசை எண்ணுனா பன்னெண்டு மாசத்துக்கு முந்நூத்தி அம்பத்தி நாலுதான் வரும். பதினோரு நாளு எங்கீங்க போச்சு?”

நான் பத்தொன்பதாம் பக்கத்தைப் புரட்டினேன்.

“அஞ்சாம் மாசம் அஞ்சாந்தேதி முதல் மழை விழான்னு வெச்சிருக்கறீங்க. வருசம் பதினோரு நாளு முன்னுக்கு நகர்ந்தா, ஒம்பதாம் வருசம் மூணு மாசம் முன்னாடி வந்து நிக்கும். சனம் மழைக்குக் கதவத் தொறந்து வெச்சுட்டு வெயில்ல உக்காந்திருக்கும். எரநூத்திப் பன்னெண்டு வருசத்துல உங்க விழா ஆறு சுத்து சுத்தியிருக்குமுங்க.”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

தவறு எங்கே நடந்தது என்று அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. எங்கள் வீட்டுச் சுவரில் இரண்டு காலண்டர்கள். ஒன்று திருநெல்வேலியிலிருந்து ஆண்டுதோறும் வரும் தமிழ் நாள்காட்டி, மாதம் சூரியனைப் பார்த்துப் பிறக்கும். பக்கத்தில் மளிகைக் கடையில் கொடுத்த தெலுங்குக் காலண்டர், அதில் மாதம் நிலாவைப் பார்த்துப் பிறக்கும். மாதத்தை இதிலிருந்தும் ஆண்டை அதிலிருந்தும் எடுத்திருக்கிறேன். ஹைதராபாத்தில் குடியிருக்கும் தமிழன்தான் இப்படி ஒரு பிழையைச் செய்ய முடியும். அதிலும் தேதிப் பைத்தியமான ஒருவன் ஐந்து வருடம் கவனிக்காமல் செய்திருக்கிறான். மேசை மேலிருந்த தாள்களை ஒன்றுசேர்க்க ஆரம்பித்தேன். பரணில் இடம் இருக்கிறதா என்றுகூட யோசித்தேன்.

“நக்கோ, நக்கோ, உள்ள வெக்காதீங்க” என்று மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல். லாலாகுடாவில் நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பத்து அம்மா, பள்ளி ஆசிரியை. வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’, எதற்கு என்பதற்கு ‘கைக்கு’, ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’ என்று ஹைதராபாத் உருது கலந்துதான் பேசுவார். “சார், ஒரு டவுட். நெழல மாத்திக்கறாங்க, அத ஒத்துக்கிட்டீங்க. மழ நடந்து வீட்டுக்குள்ள வருது, ஒத்துக்கிட்டீங்க. நெலா மட்டும் நம்ம ஊரு நெலாவாட்டமே இருக்கணுமா? கைக்கு?”

கோயம்புத்தூர்க்காரர் திரும்பிப் பார்த்தார். “அம்மணி, நெலாவுக்குன்னு ஒரு கணக்கு இருக்குதுங்களே.”

“ஹவ், நம்ம நெலாவுக்கு இருக்கு. அது அவரு நெலா. அவரையே கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டுகளாக நிழலையும் மழையையும் இஷ்டத்துக்கு ஆட்டி வைத்தவன், நிலாவிடம் மட்டும் ஏன் அவ்வளவு மரியாதையாக நடந்துகொண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. தாள்களைத் திரும்ப மேசையில் வைத்தேன்.

“கார்மடுவில் பன்னிரண்டாம் மாதம் முடிந்ததும் நிலா பதினொரு நாள் வராது” என்றேன். “அது லீவில் போய்விடும். பன்னிரண்டாம் நாள் திரும்பி வரும்போதுதான் புத்தாண்டு. அந்தப் பதினொரு நாளும் எந்த மாதத்திலும் சேராது. மாதம் இல்லாததால் தேதி கிடையாது. தேதி இல்லாததால் எந்த உத்தரவும் செல்லாது. அமைச்சர், நீதிபதி, மாமனார், யாருக்கும் அந்த நாட்களில் பதவி இல்லை.”

கோயம்புத்தூர்க்காரர் நகலின் பின்பக்கத்தில் பென்சிலால் கூட்டிப் பார்த்தார். முந்நூற்று ஐம்பத்து நான்கும் பதினொன்றும். இரண்டு முறை கூட்டினார்.

“சரியா வருதுங்க” என்றார். உட்காருவார் என்று நினைத்தேன். உட்காரவில்லை. “அப்ப அந்தப் பதினோரு நாளும் ராத்திரி சனம் என்ன பண்ணும்? வெளிச்சத்துக்கு?”

அது பிழை கண்டுபிடிக்கும் கேள்வி இல்லை. அங்கே போய் இருட்டில் நின்று பார்த்தவர் கேட்கும் கேள்வி.

நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞன் கத்தினான். “சார், பதினொரு நாளும் மேனேஜர் கிடையாதுல்ல? மெயில் வந்தா?”

“செல்லாது” என்றேன். மாதாப்பூர் வரிசை முழுக்கக் கைதட்டியது.

“ஆம்பளைங்க சமைக்கணும்” என்றார் ஆசிரியை. “எழுதிக்கோங்க.”

“எங்க வீட்டுலயும் நெலா லீவு போட்டா தேவலை” என்று இன்னொரு பெண் சொல்ல, அவர் கணவர், “இது அந்த நாட்டுச் சட்டம், இங்க கொண்டு வராத” என்று பதறினார்.

மன்றச் செயலாளர் மேசையைத் தட்டினார். “நாற்பது பக்கம், சம்மதம் உள்ளவர்கள்?” கைகள் எழுந்தன. எண்ணத் தொடங்கியவர் பாதியில் விட்டுவிட்டார். முன்வரிசையில் பென்சிலோடு ஒரு கை உயர்ந்திருந்தது.

“நாப்பது பத்தாதுங்க” என்றார் கோயம்புத்தூர்க்காரர், கையை இறக்காமலே. “பதினோரு நாளைக்குன்னு தனியா பக்கம் வேணுமல்லங்க?”

செயலாளர் நாற்பத்தெட்டு என்று குறித்துக்கொண்டார். கூட்டம் கலையவே இல்லை. நாற்காலிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, மாமனாருக்கு அந்த நாட்களில் வணக்கம் சொல்லலாமா கூடாதா என்று ஒரு பக்கம், அந்த நாட்களில் பிறக்கும் குழந்தைக்கு வயதை எப்படி எண்ணுவது என்று மறுபக்கம். இரண்டு கட்சி ஆகிவிட்டது. கேலி பேசினார்கள், கோபித்துக்கொண்டார்கள், சாட்சிக்கு என்னை இழுத்தார்கள். மணி ஐந்து இருபது. நான் நோட்டின் புதுப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “ஒவ்வொருத்தரா சொல்லுங்க, ஒவ்வொருத்தரா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒருவர்கூடக் கேட்கவில்லை.