பன்னிரண்டு கம்பியும் ஒரு எவர்சில்வர் டப்பாவும்

ஞாயிறு மாலை ஆறு இருபது. மாங்காட்டில் நாங்கள் குடியிருக்கும் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில் பொங்கல் விழா மேடை போட்டிருந்தார்கள். நான் முதலில் பார்த்தது மைக்கை. நாற்காலிக்கு எதிரே, வாய் உயரத்தில் ஒன்று மட்டும் நின்றது. கிட்டாருக்கு எதுவும் இல்லை.

நசரத்பேட்டையிலிருந்து வந்திருந்த சவுண்டு சர்வீஸ்காரரிடம் அதைக் கீழே இறக்கச் சொன்னேன்.

“அப்ப பாட்டு யாரு சார் பாடுறது?”

“யாரும் பாடல. வாசிக்கிறது மட்டும்தான்.”

“வெறும் கிட்டாரா? இன்னா சார் நீ, கொழம்பு ஊத்தாத சோறு மாரி கீது.” சிரித்துக்கொண்டே இறக்கினார். பிறகு குனிந்து பார்த்தார். “எதுக்கு இத்தினி கம்பி?”

சாதாரண கிட்டாரில் ஆறு கம்பி. இதில் ஆறு ஜோடி. தடித்த கம்பிகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும், அதே சுரத்தை மேல் ஸ்தாயியில் சொல்லும் மெல்லிய கம்பி ஒன்று. விரல் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுவதில்லை. ஒன்றை அடித்து, நூலிழை தாமதித்து மற்றதை அடிக்கிறது. அந்தத் தாமதத்தில்தான் ஒலி மினுங்கும். கட்டைவிரல் கீழ்ச்சுரத்தை நடத்திக்கொண்டிருக்க, மற்ற விரல்கள் மெட்டை எடுக்கும். ஒரே ஆள்தான் வாசிக்கிறார் என்று கண்ணை மூடிக் கேட்டால் நம்ப முடியாது. பத்திரிகை அலுவலகத்தில் நாளெல்லாம் அடுத்தவர் வாக்கியத்தை வெட்டுவது என் வேலை. இதில் நான் எதையும் வெட்டுவதில்லை. ஒலியை அதன் போக்கில் அடங்கவிடுகிறேன்.

இதெல்லாம் என் மனைவிக்குத் தெரியும். ஆனால் ஒரு வாசிப்பைக்கூட அவள் முழுதாகக் கேட்டதில்லை. வீட்டில் குக்கர் விசில் அடிக்கும், அவளுடைய அலுவலகத்திலிருந்து அழைப்பு வரும், தண்ணீர் லாரி வரும். “விழா அன்னிக்காவது ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் கேட்டுடறேன்” என்று சொல்லியிருந்தாள். போனை அணைத்துக் கைப்பைக்குள் போட்டுவிட்டு இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தாள். நான் மேடையேறியதே அதற்காகத்தான்.

தொடங்கினேன். முதல் பகுதி நன்றாகவே போனது. மெட்டு அடங்கி, கட்டைவிரல் மட்டும் நடக்கும் இடம் வந்தது. அடுத்து வரும் திருப்பத்துக்கு அந்த அமைதி வேண்டும். அப்போது குடியிருப்போர் சங்கச் செயலாளர் இன்னொரு மைக்கோடு மேடைக்கு வந்தார்.

“அருமையான மியூசிக்! இந்த நேரத்துல கோலப்போட்டிப் பரிசைக் குடுத்துருவோம்.” என் பக்கம் திரும்பி, “நிறுத்திராதீய சார், பேக்ரவுண்டுக்கு சூப்பரா இருக்கு” என்றார்.

எங்கள் குடியிருப்பில் யாரையும் பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமில்லை. வீட்டு எண்தான். “மூன்றாம் பரிசு, பி பதினாலு!” கைதட்டல். விரல்கள் பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தன. திருப்பம் வந்தது. “இரண்டாம் பரிசு, சி முப்பத்திரண்டு!”

அது எங்கள் வீடு. காலையில் மனைவி போட்ட கோலம்.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. அவள் அதைப் போய் வாங்கிக்கொள் என்று எடுத்துக்கொண்டாள். மேடையேறி எனக்கு முதுகைக் காட்டி நின்று பரிசை வாங்கினாள். போட்டோக்காரர் வந்து சேரத் தாமதமானதால் இன்னொரு முறையும் வாங்கச் சொன்னார்கள். அவள் நாற்காலிக்குத் திரும்பியபோது நான் முடித்திருந்தேன். கடைசிச் சுரம் அடங்குவதற்குள் முதல் பரிசு அறிவிப்பு.

இறங்கியதும் செயலாளரிடம், “அது பின்னணி இல்ல சார், நிகழ்ச்சியே அதுதான்” என்றேன்.

“பாட்டு ஆரம்பிக்கலியே சார்! ஆரம்பிச்சிருந்தா நான் குறுக்க வருவனா?” உண்மையான வருத்தத்தோடு சொன்னார். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

லிப்டில் மனைவி, “கூப்பிட்டா போகாம உக்காந்திருக்க முடியுமா? வீட்டுக்குப் போய் வாசியேன், கேக்கறேன்” என்றாள். வீட்டுக் கதவைத் திறந்ததும் போனை எடுத்து இயக்கினாள். உடனே அடித்தது.

பரிசு, மூடி வைத்த எவர்சில்வர் டப்பா. அதில் இப்போது துவரம்பருப்பு இருக்கிறது.