புஷ்பாவின் நாலு கூட்டல் குறிகள்

எங்க வேலை மில்லிமீட்டர் வேலை. ஈப்போ டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியில கதிர்வீச்சு மெஷினை ஓட்டுறேன், பதினோரு வருசமாச்சு. கட்டி இருந்த இடத்துல மட்டும் கதிர் விழணும். மார்புல கட்டின்னா, ஒட்டினாப்புல இதயம் துடிச்சிக்கிட்டு இருக்கும். மெஷின் சொன்ன பேச்சைக் கேட்கும். மனுசங்க கேட்பாங்களா? கிளினிக்கோ மருந்துக் கடையோ, நீங்களும் எங்கேயாவது குப்பை கொட்டுறவங்களா இருந்தா இந்தத் தலைவலி தெரிஞ்சிருக்கும்.

சீயக்காய்

புஷ்பா சித்தியவான் பக்கம், பழைய தோட்டத்து வீட்டுலேருந்து வந்தவ. வயசு முப்பத்து நாலு. இடது மார்புல ஆபரேஷன் முடிஞ்சு, இருபது நாள் கதிர் வைக்கணும்னு டாக்டர் எழுதியிருந்தாரு. தோல் மேல மையால நாலு கூட்டல் குறி போட்டோம். அதை வச்சுத்தான் தினமும் இம்மி பிசகாம படுக்க வைக்கணும். "குளிங்க, ஆனா தேய்க்காதீங்க"ன்னு மூணு தடவை சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை வந்தா. நெஞ்சு பளபளன்னு இருக்கு, ஒரு குறியைக் காணோம்! கூட வந்த மாமியார் சீயக்காய் போட்டுத் தேய்ச்சு எடுத்திருக்காங்க. அறுத்த இடம் இன்னும் முழுசா ஆறலை, அது மேலயே. மறுபடியும் ஸ்கேன், மறுபடியும் அளவு. அந்தக் குளிர் ரூம்புல பாவம் அவ நடுங்கிக்கிட்டே படுத்திருந்தா. ஏம்மா இப்படிச் செஞ்சீங்கன்னு நான் கேட்டதுக்கு, மாமியார் சொன்னாங்க: "உடம்புல சிலுவையப் போட்டுக்கிட்டு கோயிலுக்கு எப்படி வர்றது லா?"

கரண்ட்டு

எட்டாவது நாள் புஷ்பா கண்ணு வீங்கி வந்தா. படுக்கவே மாட்டேங்குறா. விசாரிச்சா, நாலு வயசு மக யாழினியை மாமியார் தன் ரூம்புக்குக் கொண்டு போயிட்டாங்களாம். மருமக உடம்புல கரண்ட்டு ஏறியிருக்கு, பிள்ளைக்குப் பாயுமாம். தட்டு தனி, குழம்பு ஊத்துற மங்கு தனி. "இன்னும் பதிமூணு நாளு எம்புள்ளையத் தொடாம இருக்க முடியாதுக்கா, நிப்பாட்டிடுங்க"ன்னு அழுதா.

எனக்கு வந்துச்சே ஆத்திரம்! வெளியே போயி மாமியார் முன்னால நின்னேன். "அம்மா, மெஷின் சுவிட்சை அடைச்சா கதிர் அதோட சரி. பொட்டு அளவுகூட உடம்புல தங்காது. நான் நாள் முச்சூடும் இங்கதான் கெடக்கேன், வீட்டுக்குப் போயி எம்மகளைத் தூக்கலையா?"ன்னு கேட்டேன். அந்தம்மா கைப்பையை மடிக்கு இழுத்துக்கிட்டாங்க. "நீங்க சம்பளத்துக்கு அந்தக் கரண்ட்டை வாங்கிக்கிறீங்க. எம்பேத்தி எதுக்கு சும்மா வாங்கணும்?"

மடி

மறுநாள் புஷ்பா வரலை. அதுக்கு மறுநாளும் இல்லை. இந்த வைத்தியத்துல இஷ்டத்துக்கு நாள் விட முடியாது, நோய் காத்துக்கிட்டு நிக்காது. அவ புருசனுக்குப் போன் போட்டுக் கத்திட்டேன்: "உங்கம்மாவுக்குக் கோயில் இருக்கு, பேத்தி இருக்கு. அந்தப் பேத்திக்கு அம்மா வேணாமா?" மனுசன் போனை வச்சிட்டாரு. ஆனா அடுத்த நாள் குடும்பத்தோட வந்து இறங்கினாரு.

பள்ளிக்கூட லீவு. ஒண்ணாம் வகுப்பு படிக்கிற என் மக கவிதாவும் அன்னைக்கு என்கூட வந்திருந்தா. மாமியார் யாழினியை இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு ஹாலோட கடைசி நாற்காலியில உட்கார்ந்திருந்தாங்க. கதிர் முடிஞ்சு புஷ்பா வெளியே வந்து உட்கார்ந்தா. நான் யோசிக்கவே இல்லை. கவிதாவைத் தூக்கி, இடது பக்கம் படாம, புஷ்பா மடியில வச்சேன். ஹாலே பார்த்துச்சு. புஷ்பா கையைத் தூக்கி வச்சுக்கிட்டு, தொடலாமா வேணாமான்னு என் முகத்தைப் பார்த்தா. "தொடு, புஷ்பா"ன்னேன். அவ தொட்டா. மாமியார் எந்திரிச்சதுதான் தாமதம், யாழினி அவங்க கையை உதறிட்டு ஓடி வந்து என் மகளோட கால்ச்சட்டையைப் பிடிச்சு இழுத்தா.

"எறங்கு! அது எங்கம்மா!"

புஷ்பா மிச்ச நாளையும் முடிச்சிட்டா. உடம்புல குறி போட எங்ககிட்ட மை இருக்கு, மாமியார் மண்டையில போடுற மையைத்தான் இன்னும் யாரும் கண்டுபிடிக்கலை.